இடது கால்

திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு ஆட்டங்களுக்குத் தடை. எதிர்த்து வாதாடித் தோற்றால் மூன்று. ஃபெரெட்டிக்கு இரண்டும் ஒன்றுதான், மூன்றும் ஒன்றுதான். அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆட்டம். வரும் ஞாயிற்றுக்கிழமை, இறுதிப் போட்டி.

பதினான்கு வருடங்களாக ரக்பி லீக் ஆடிவந்தான். மூக்கு மூன்று முறை உடைந்தது, தாடை இரண்டு முறை. இறுதிப் போட்டி மட்டும் ஒருமுறைகூட அமையவில்லை. முப்பத்து நான்கு வயதில், இதுதான் கடைசி என்று அறிவித்துவிட்ட வருடத்தில், அது வந்தது. வந்த அதே மாலையில், அரையிறுதி முடிய ஒன்பது நிமிடம் இருக்கையில், பந்தோடு ஓடிவந்த ப்ரோடி லானகனின் தாடையில் அவன் கை இறங்கியது. எதிரியைத் தோளுக்குக் கீழேதான் பிடிக்க வேண்டும். கழுத்துக்கு மேலே கை போனால், எப்படிப் போனது என்று விசாரணைக் குழு கேட்கும்.

எப்படிப் போனது என்பது ஃபெரெட்டிக்குத் தெரியும். ப்ரோடி வலப்பக்கம் போவதாகக் காட்டி இடப்பக்கம் திரும்பினான். ஃபெரெட்டியின் கால்கள் களைத்துப்போயிருந்தன, உடம்பு போகவில்லை. கை மட்டும் போனது. அவ்வளவுதான். அதில் பகையும் இல்லை, நியாயமும் இல்லை.

ஞாயிறு காலை கிளப் அலுவலகத்தில் வக்கீல் கிரெவில் அந்தக் காட்சியை நாற்பது முறையாவது ஓட்டிக் காட்டினார். சிட்னியில் மூன்று வாரமாக ஒரு சொட்டு மழை இல்லை. ஓடுகிறவர்களின் பின்னால் தூசி எழுவது திரையில் தெரிந்தது.

"பிடிபட்டவன் கால் வழுக்கித் தாழ்ந்துட்டான்னு வையி, கை மேல போனது உன் தப்பில்ல," என்றார் கிரெவில். "வலது கால் நல்லா ஊனி நிக்குது, பாரு. ஆனா இடது காலை ரெஃப்ரீ மறைச்சுக்கிட்டு நிக்கிறான். எந்தக் கேமராவுலயும் அது விழல."

ஃபெரெட்டி திரையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நான் உன்ன எதுவும் சொல்லச் சொல்லலப்பா. ப்ரோடி ஒரு கடுதாசி குடுப்பான்ல? எல்லாரும் குடுக்குறதுதானே."

எல்லாரும் கொடுப்பதுதான். அடிபட்டவன் அடித்தவனுக்காக எழுதிக் கொடுக்கும் கடிதம். தன் தாடையை உடைத்த இருவருக்கும் ஃபெரெட்டியே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறான், ஒருமுறை வாயைக் கம்பியால் கட்டியிருந்தபோது. கொடுக்காதவன் பெயர் எல்லா உடைமாற்றும் அறைகளிலும் கெட்டுப்போகும்.

அன்று பிற்பகல் அவன் ப்ரோடி வீட்டுக்குப் போனான். இருவரும் இருபது வயதில் ஒரே அணியில் ஆடியவர்கள், ஆறு வருடம் ஒரே வாடகை வீட்டில் இருந்தவர்கள். திரைகளெல்லாம் இழுத்து மூடப்பட்டிருந்தன. ப்ரோடி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் கிடந்தான்.

"யாரு, உசோவா? வாடா, வா. கதவ சாத்து, வெளிச்சம் தாங்கல. வௌவால் மாதிரி ஆயிட்டேன்." ஃபெரெட்டி சமோவாக்காரன்; அவர்கள் உடன்பிறந்தவனை அழைக்கும் சொல்லால்தான் ப்ரோடி எப்போதும் அவனைக் கூப்பிடுவான். "ஆமா, யாரு ஜெயிச்சா?"

"நாங்க."

"உங்க பதினோராம் நம்பரு, அந்த ஓட்டக் கையன், அவனையும் வச்சுக்கிட்டா ஜெயிச்சீங்க? வெளிய சொல்லாத, அசிங்கம்."

"இத காலையிலேர்ந்து அஞ்சாவது தடவையா கேக்குறாரு," என்றாள் ப்ரோடியின் மனைவி டாம்சின். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

ஃபெரெட்டி எதிரே உட்கார்ந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ப்ரோடியே ஆரம்பித்தான்.

"கடுதாசிதானே? கேக்க என்னடா வெக்கம், புதுப் பொண்ணு மாதிரி? டாம்சின், பேனா எடு. நானே எழுதுவேன், ஆனா எழுத்தெல்லாம் மீன் மாதிரி நீந்துது." பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "எனக்கு ஒரு மண்ணும் ஞாபகமில்ல உசோ. ஜெர்சி மாட்டினது இருக்கு. அப்புறம் ஆம்புலன்ஸ். நடுவுல என்ன ஆச்சு? நீயே சொல்லு."

சமையலறையில் குளிர்பெட்டி உறுமி, அடங்கியது. ஃபெரெட்டி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னாலும் ப்ரோடி கடிதம் கொடுப்பான். நல்ல மனுஷன், வேணும்னு செய்யல என்று ஏதாவது எழுதுவான். அந்த மாதிரிக் கடிதத்தால் யாரும் இறுதிப் போட்டி ஆடியதில்லை.

"வழுக்கிட்ட," என்றான்.

"நானா?" ப்ரோடி சிரித்தான், சிரிப்பு தலைக்குள் குத்தியதும் நிறுத்தினான். "புது பூட்ஸு. சனியன்."

டாம்சின் மேசையில் உட்கார்ந்து தாளை நேராக வைத்தாள். "எந்தக் கால்?"

ஃபெரெட்டி நிமிர்ந்தான். அவள் அன்று மைதானத்தில், அது நடந்த இடத்துக்கு மிக அருகே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைப் பார்த்திருந்தான்.

"எழுதணும்ல," என்றாள். "எந்தக் கால்?"

"இடது."

அவள் எழுதினாள். எழுதியதை மெதுவாகப் படித்துக் காட்டினாள். ப்ரோடி போட்ட கையெழுத்து கோட்டை விட்டுச் சரிந்து தாளின் ஓரத்துக்குப் போனது.

வாசல் வரை வந்தவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உனக்காக எழுதலப்பா. கடுதாசி குடுக்காதவன்னு பேரு வந்தா அவரு தாங்க மாட்டாரு. இது அவருக்குத் தலையில நாலாவது அடி. இனிமே ஆடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அவருகிட்ட நான் இன்னும் சொல்லல."

அவள் கதவைச் சாத்திவிட்டாள்.

மறுநாள் காலையில் கிரெவில், குற்றத்தை மறுப்பதாகப் பதில் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை மாலை விசாரணை. குழுத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருக்கு இருபுறமும் இரண்டு பழைய ஆட்டக்காரர்கள். அதில் ஒருவர் நெவ் ஹாரிகன், காதுகள் நசுங்கி வடைபோல ஆன மனிதர். திரையில் ப்ரோடியின் தலை ஒவ்வொரு அங்குலமாகப் பின்னால் போனது. நிறுத்தினார்கள். மறுபடி முதலிலிருந்து போனது.

கிரெவில் கடிதத்தை வாசித்து முடித்ததும், குற்றம் சாட்டும் தரப்பின் வக்கீல் ஹலினா எழுந்தாள்.

"கையெழுத்துப் போட்டவருக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகமில்லன்னு மருத்துவ அறிக்கையில இருக்கு. அப்புறம் எந்தக் கால் வழுக்குச்சுன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"அது சனிக்கிழமை ராத்திரி எழுதின அறிக்கை மேடம்," என்றார் கிரெவில். "ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பும்."

நீதிபதி பக்கத்தில் பார்த்தார். நெவ் ஹாரிகன் பேனாவை மேசையில் வைத்தார்.

"ஒரு ஆட்டக்காரன் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். அதை நாங்க நோண்டுறதில்லம்மா." பிறகு திரும்பினார். "நீ என்னப்பா பாத்த?"

"இடது கால் போச்சு சார்."

பதினொரு நிமிடம் வெளியே காத்திருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றார்கள். கிரெவில் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். நடைபாதையில் நெவ் ஹாரிகன் அவன் தோளைத் தட்டினார்.

"ஞாயித்துக்கிழமை கிழிச்சுடு தம்பி. எங்க காலத்துல கேமரா கிடையாது. உங்களுக்கு ரெஃப்ரீ முதுகாச்சும் இருக்கே." சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஃபெரெட்டி கார் நிறுத்தத்துக்கு நடந்தான். அந்த அறையில் தெரியாதவர் யாராவது இருந்தார்களா என்று யோசித்துப் பார்த்தான்.

காரில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. ப்ரோடி.

"ரேடியோல சொன்னான்டா! உசோ, மன்னிச்சுக்கடா. நான்பாட்டுக்கு வழுக்கி விழுந்து உன் ஃபைனலையே காலி பண்ணப் பாத்தேன்."

"விடுடா."

"இல்லடா, கேளு. இப்ப ஞாபகம் வருது. நெசமா. கண்ண மூடினா தெரியுது. இடது கால் சர்ருனு போகுது, நீ வர்ற, உன் மூஞ்சி தெரியுது. புல்லு நனைஞ்சிருந்துச்சுல்ல?"

எதிரே ஒரு காவலாளி சங்கிலியை இழுத்து வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"உசோ? நனைஞ்சுதானே இருந்துச்சு?"

"ஆமா," என்றான். "நனைஞ்சிருந்துச்சு."

"பாத்தியா! டாம்சின், கேட்டியா? மூளை சரியாயிட்டு வருது! டாக்டர் கிடக்குறான். பிப்ரவரில பயிற்சிக்கு வந்து நிப்பேன் பாரு, அப்ப உன் இடத்துல எவன் ஆடுறானோ அவன் செத்தான்..."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. ப்ரோடியின் குரல் தூரத்தில் இன்னும் பேசிக்கொண்டிருந்தது, ஒரு கதவு சாத்தப்பட்டதும் அதுவும் நின்றது. பிறகு டாம்சினின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். திட்டுவாள் என்றுகூட எதிர்பார்த்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. போனை வைக்கவுமில்லை.

அவனும் வைக்கவில்லை.