பூண்டுப் பிரசாதம்

“ஏலே டெனிசு, அவன் வடக்கத்தியான், அவன் கெடக்கான். நீ நம்ம ஊருக்காரன்தானே? தொறக்கச் சொல்லுடா!”

“ஆர்டர் அத்தை. பின் கேட்டு இனிமே பூட்டுதான். நான் என்ன செய்ய?”

“யாருக்குடா நான் அத்தை? வாயக் கழுவு!”

பொன்னுத்தாய் போட்ட சத்தத்தில், கேம்ப் முன் கேட்டுக்கு எதிரே என் டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் கிளாஸோடு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். துப்பாக்கி வைத்திருந்த காவல்காரன் ஒரு வார்த்தை இந்தியில் சொல்வான். ரேடார் கேம்ப் கிளார்க்கான டெனிஸ் அதைத் தமிழில் சொல்வான். திட்டு மொத்தமும் டெனிஸுக்கு விழும். பொன்னுத்தாயின் மகள் மணிமேகலை மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர் வில்பட்டிக்கு மேலே மலையில் கேம்ப். கேம்ப்புக்கு அந்தப் பக்கம் கீழே சரிவில் பொன்னுத்தாயின் பூண்டுக்காடு. ஓடைப்பக்கத்துப் பாதை போன மழையில் சரிந்துவிட்டது. மிச்சமிருந்தது கேம்ப்புக்குள் புகுந்து பின் கேட் வழியாக இறங்குவது ஒன்றுதான். பழைய ஆபீசர்கள் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்தவர் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். அது முடிந்ததும் கேட்டைப் பூட்டச் சொன்னார். நாட்டின் பாதுகாப்பாம். அந்தக் கேம்ப்பிலிருந்து கேண்டீன் ரம் எந்தப் பூட்டுக்கும் அடங்காமல் ஊருக்குள் வரும். பூண்டுதான் ஆபத்து.

பூண்டோ முற்றி நின்றது. மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே அழுகும். பொன்னுத்தாய் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பெரிவது அதை நம்பித்தான்.

வெள்ளிக்கிழமை, சாமியாடி ராஜமுருகன் முன் கேட்டில் வந்து ஆடினான். கேம்ப் வேலிக்குள், கொடிமரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கருப்பசாமி இருக்கிறார். திருவிழா அன்று மட்டும் இரண்டு கேட்டும் திறந்திருக்கும். யாரையும் சோதிக்கக் கூடாது. அது கேம்ப் வந்த நாளிலிருந்து உள்ள ஒப்பந்தம்.

“எனக்கு இப்பவே பூசை வேணும்டா! வெரசா வேணும்!” என்றது சாமி.

மாசியில் வர வேண்டிய திருவிழா ஆனியில் ஏன் என்று ஆபீசர் கேட்டார். டீ விற்று விற்று எனக்கும் கொஞ்சம் இந்தி காதில் ஏறியிருக்கிறது. “சாமி கோபமா இருக்கார் சார். முன்னாடி ஒரு ஆபீசர் மறுத்தப்போ ரேடார்ல குரங்கு ஏறி வயரைப் பிச்சிருச்சு” என்று டெனிஸ் சொன்னான். குரங்கு வயரைப் பிய்த்தது உண்மைதான். எந்தச் சாமியும் அனுப்பாமல் வாரா வாரம் பிய்க்கிறது. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முழங்கால் போடும் சூசைமாணிக்கத்தின் மகன் டெனிஸுக்குக் கருப்பசாமிமேல் இவ்வளவு அக்கறை ஏன் வந்தது என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை, என்னைத் தவிர.

திருவிழா அன்று பெண்கள் தேங்காய்த் தட்டோடு முன் கேட்டில் நுழைந்தார்கள். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பின் கேட்டில் இறங்கினார்கள். திரும்பும்போது தலையில் தண்டும் தாளுமாகக் கட்டிய பூண்டுக் கட்டுகள். கொட்டு முழங்க ஊர்வலம் ஏறி வந்தது. காவல்காரன் சல்யூட் அடித்தான்.

பட்டுச்சேலையில் நின்ற ஆபீசர் மனைவி, அது என்ன என்று கேட்டார்.

“பிரசாதம் மேடம்” என்றான் டெனிஸ்.

அந்த அம்மா கண்ணை மூடி இரண்டு கையையும் நீட்டினார். பொன்னுத்தாய் ஒரு பெரிய கட்டாகப் பார்த்து வைத்தாள். கண்ணைத் திறந்தவர் முகம் வெளுத்துப்போனது. பூண்டும் வெங்காயமும் வாசல்படி ஏறாத வீடு அது. பிரசாதத்தைக் கீழேயும் போட முடியாது.

பாதிப் பூண்டுதான் மேலே வந்தது. அதற்குள் தூறல் ஆரம்பித்து, கொட்டு நின்று, கேட் மறுபடி பூட்டப்பட்டது. பொன்னுத்தாய் என் கடையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்தாள். கொடுத்த டீயைக் குடிக்கவில்லை.

அந்தப் பக்கம் ஆபீசர் பங்களா வராந்தாவில் கட்டு தொங்கியது. ஈரக்காற்றில் வீடு முழுக்க வாசம். மறுநாள் அந்த அம்மா டெனிஸைக் கூப்பிட்டு, இனிமேல் பிரசாதத்தை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சாமியிடம் சொல்ல முடியுமா என்று கேட்டாராம்.

“வழிய மறிச்சதாலதான் இங்க வருது மேடம். வழி விட்டா அது பாட்டுக்கு அவங்க வீட்டுக்குப் போயிரும்.”

ராணுவத்தில் ஆபீசருக்கு மேலேயும் ஓர் ஆபீசர் வீட்டிலேயே உண்டல்லவா? சாயங்காலமே பூட்டு கழன்றது. தூறலோடு தூறலாக மிச்சப் பூண்டும் ஏறி, பூண்டைக் காயவைக்கப் புகை போடும் கொட்டகைக்குப் போனது. கடைசிக் கட்டைச் சுமந்து வந்தவன் டெனிஸ்.

ஆபீசர் ராஜஸ்தானுக்கு மாறிப் போய்விட்டார். டெனிஸும் மணிமேகலையும் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டார்கள். சாமி வந்து மறிக்கும் என்று ராஜமுருகனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் பந்தியில் மும்முரமாக இருந்தான். இப்போது மகளும் மருமகனும் கோயம்புத்தூரில். டெனிஸ் போனில் “அத்தை” என்றால், யாருக்குடா என்று பொன்னுத்தாய் கேட்பதில்லை. அவளுக்கு வேறு கவலை: மறுபடியும் கேட்டைப் பூட்டினால் என்ன செய்வது? புது ஆபீசர் குடும்பம் கேரளாவாம்; பூண்டில்லாமல் அந்த வீட்டில் சோறே இறங்காதாம்.