துர்கா எழுதிய பதினேழு குறிப்புகள்

என் வலைத்தளத்தை நானே கெடுத்துக்கொண்டேன். யாரையாவது திட்டித் தீர்க்கலாம் என்றால் வேறு ஆளே இல்லை.

2001-இல் போட்ட தளம். பச்சைப் பின்னணி, ஓடும் எழுத்துகள், அடியில் வருகைப் பதிவேடு. உலகமே வந்து எழுதும் என்று நினைத்தேன். வந்தது என் தங்கை துர்கா மட்டும்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளை என்று அவளைப் பாரிசுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அந்தத் தைரியத்தில், யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கத்தில் அவள் மனம்விட்டு எழுதினாள். மொத்தம் பதினேழு குறிப்புகள். போன வருஷம் கார் விபத்தில் போய்விட்டாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஞாயிறு மதியம் சாப்பாடானதும் கணினி முன்னால் வந்து உட்காருவாள். நான் படித்துக் காட்டுவேன். அவள் தாங்கமாட்டாள் என்று சிலவற்றைத் தாண்டிவிடுவேன்.

முதல் திவசம் நெருங்கியபோது எனக்குக் கை அரித்தது. தளத்தையே புது முறையில் மாற்றி, துர்காவுக்கென்று ஒரு பக்கம் வைக்க ஆசைப்பட்டேன். பழைய தமிழ் எழுத்துருவை யூனிகோடாக்கினால் எந்தக் கணினியிலும் தெரியுமே! பதிவேட்டை இறக்கினேன், மாற்றினேன், சேமித்தேன், பழையதன் மேலேயே ஏற்றினேன். சேமிக்கும்போது தப்பான முறையைத் தேர்ந்திருக்கிறேன். திறந்தால் தேதிகளைத் தவிர எல்லா எழுத்தும் கேள்விக்குறி. கல்லூரி ஆய்வகத்தில் 'முதல்ல காப்பி எடு' என்று தினமும் கத்துகிற நான், காப்பி எடுக்கவில்லை. தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்தவர்களுக்கு நான்கு முறை எழுதினேன். பழைய பிரதி இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்து உட்கார்ந்தாள். "படிடா வெற்றி."

அழிந்துபோனதை அவளிடம் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி ஞாபகத்திலிருந்து சொன்னேன். "அம்மா, இங்க பனி கொட்டுது..."

"அதுக்கு முன்னாடி மீனப் பத்தி வருமேடா. இங்க மீனுல ருசியே இல்ல, நம்ம ஊரு தேங்காய்த்திட்டு சங்கரா மீனுக்கு நாக்கு ஏங்குதுன்னு."

அப்புறம் நான் தடுமாறிய இடமெல்லாம் அவளே எடுத்துக்கொடுத்தாள். நான் இதுவரை படித்துக் காட்டியிருந்த பதினொன்றையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவசரமாகத் தட்டச்சு செய்தேன். அழுகையும் சந்தோஷமுமாக இருந்தது. தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

"மீதி ஆறு?" என்றாள் அம்மா.

"எந்த ஆறு?"

"பதினேழு எழுதியிருக்கான்னு நீதான சொன்ன. பதினொண்ணுதான் படிச்சுக் காட்டியிருக்க. நா எண்ணிக்கினுதான் இருக்கேன். எங்கிட்ட எதுக்கு மறைக்கிறன்னு தெரியும். கேக்க பயமா இருந்துச்சு. இப்ப படி, நா அழமாட்டேன்."

அந்த ஆறையும் நான் ஒருமுறைக்கு மேல் படித்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை. அவற்றில், வந்து கூட்டிப்போகச் சொல்லியிருந்தாள். எல்லாம் சரியாகிவிடும் என்று அடியில் பதில் எழுதினேன். அவள் எந்த வார்த்தையில் கேட்டாள் என்பது எனக்கு நினைவில்லை. என் பதிலும் இப்போது கேள்விக்குறிதான்.

அம்மா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். என் கையைப் பிடித்தாள்.

"மெதுவாவே படி" என்றாள்.