மாடிக் குழாயும் தார்ப்பாயும்

சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் யாரோ பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே ஜாய்ஸுக்கு எரிச்சல் வந்தது. இங்கே போடு என்று இடம் காட்டுகிறவன், வேறெதையோ காட்டாமல் இருக்கத்தான் காட்டுகிறான் என்பது அவள் கணக்கு.

நெம்மேலிக்குத் தெற்கே, சாலையிலிருந்து கடல் தெரிகிற இடத்தில் புதிதாக எழும்பிய ஆய்வகம் அது. காசநோய்க் கிருமியை வளர்த்து, புது மருந்து அதைக் கொல்கிறதா என்று பார்க்கப் போகிறார்கள். ஜாய்ஸ் அங்கே பாதுகாப்பு அலுவலர். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை கிருமி வந்து இறங்கும். இறங்கினால் முதலில் கேபினெட் முன் உட்காரப் போகிறவள் டெக்னீஷியன் பூங்கொடி.

கேபினெட் என்பது முன்பக்கம் கண்ணாடி வைத்த இரும்புப் பெட்டி. கையை மட்டும் உள்ளே நீட்டி வேலை செய்ய வேண்டும். அறையின் காற்று பெட்டிக்குள் போகலாம். பெட்டியின் காற்று அறைக்குள் வரவே கூடாது. அது வடிகட்டியில் புகுந்து, மாடியில் இருக்கும் குழாய் வழியாக வெளியேற வேண்டும். திரும்பி வந்தால் பூங்கொடியின் மூக்குக்குள்தான் போகும்.

எல்லாம் சரி என்று சான்றிதழ் சொன்னது. புதன்கிழமை சோதித்ததாகத் தேதி இருந்தது. அதே புதன்கிழமைதான் மேனேஜர் வெங்கடேசன் அவளைச் செங்கல்பட்டுக்கு, கலெக்டர் ஆபீசில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வர அனுப்பியிருந்தார். பியூன் செய்கிற வேலை. மூன்று பஸ் மாறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"சோதிக்கும்போது நான் இருக்கணும்னு எழுதியே குடுத்தேன் சார்."

"அந்தக் கம்பெனி ஆளுக்கு அன்னிக்குத்தான் நேரம் கெடச்சுது. பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், போட்டுக் குடுத்துடும்மா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பூஜையை முடிக்கணும்."

வெங்கடேசன் வேட்டி கட்டி வந்திருந்தார். அவர் குரலில் அன்று இருந்த இனிப்பை ஜாய்ஸ் நம்பவில்லை.

கேபினெட்டுக்கு மாலை போட்டார்கள். கண்ணாடி மேல் மூன்று பட்டை விபூதி, அதற்கு மேலே மின்விளக்குகள் வரிசையாக இருக்கும் பட்டையில் பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். டைரக்டர் உலகநாதன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நின்றார். பூங்கொடி பட்டுப்புடவையில் வந்திருந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, மாமல்லபுரத்தில் ஏழு வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்தவள்.

வெங்கடேசன் ஊதுபத்தியைக் கொளுத்திப் பெட்டியின் வாய்க்கு நேரே மூன்று சுற்று சுற்றினார். ஜாய்ஸ் புகையைப் பார்த்தாள். உள்ளே இழுபட வேண்டிய புகை பெட்டியின் வாயருகே தயங்கியது. பிறகு மெதுவாகத் திரும்பி வெங்கடேசனின் முகத்தில் ஏறியது. அவர் இருமினார்.

"சார், கையை அங்கயே வெச்சிருங்க."

அவர் நகர்த்தினார். ஜாய்ஸ் ஊதுபத்தியை அவர் கையிலிருந்து வாங்கி, அசையாமல் பிடித்தாள். புகை மறுபடியும் வெளியேதான் வந்தது.

"சாமிக்குக் காட்டுறதும்மா அது," என்றார் வெங்கடேசன். இனிப்பு போய்விட்டது. "உங்களுக்கு இதுலல்லாம் நம்பிக்கை இல்லன்னு தெரியும். அடுத்தவங்களுக்கு இருக்குல்ல."

"என் நம்பிக்கைய வுடுங்க சார். பொக வெளிய வருது."

உலகநாதன் மின்விசிறியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். விசிறி ஓடவில்லை, கதவு மூடியிருந்தது. ஜாய்ஸ் கட்டைவிரலால் சந்தனப் பொட்டை வழித்தாள். அடியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"காத்து தடைப்பட்டா எரியிற லைட்டு. கூடவே சத்தமும் வரணும். சத்தம் எங்க?"

எலக்ட்ரீஷியன் சதாசிவம் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நேத்து ராத்திரிலேர்ந்து கத்திக்கினே இருந்துச்சு மேடம். மந்திரம் சொல்லச்சொல்ல நடுவுல கீச்சு கீச்சுனு கத்துனா நல்லாருக்காதுன்னு சார்தான் ஒயரைக் கழட்டச் சொன்னாரு."

ஜாய்ஸ் வராந்தாவுக்குப் போய், சான்றிதழ் கொடுத்த வரதனுக்குப் போன் போட்டாள். அவன்தான் உட்கார்ந்த இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"பொட்டியத் தொட்டாவது பாத்தியா, இல்ல டீக்கடையிலயே நம்பர் எழுதுனியா?"

"இன்னா மேடம், எடுத்தொடனே. மாடி வரைக்கும் ஏறிப் பாத்தேன். போட்டோ அனுப்புறேன், பாத்துட்டுத் திட்டு."

படம் வந்தது. புதன்கிழமை, மதியம் மூன்று இருபது. குழாயின் வாய் திறந்திருந்தது, பின்னால் கடல். அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைத் தந்தது. அப்படியென்றால் பொய் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

அவள் படியேறி மாடிக்குப் போனாள். குழாயின் வாயில் நீலத் தார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் போர்த்தி, நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சாதாரண முடிச்சு இல்லை. வலை கட்டுகிறவர்கள் போடுகிற முடிச்சு.

பின்னால் காலடி கேட்டது. பூங்கொடி, புடவையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"அவுக்காத."

"யாருக்கா கட்டுனது?"

"என் வூட்டுக்காரு. நான்தான் கூட்டியாந்தேன்." குரலில் வருத்தம் எதுவும் இல்லை. "ஊர்ல கூட்டம் போட்டாங்க. அந்த மாடிக் கொயாயிலேர்ந்து டிபி கிருமி எங்க வூட்டுப் பக்கம்தான் வரும், அடுத்த வாரம் தொறப்பு விழா அன்னிக்கு ரோட்ல உக்காருவோம்னாங்க. வெங்கடேசன் சாரு வந்தாரு. வாயக் கட்டிட்றோம், ஒண்ணும் வராதுன்னாரு. வேணும்னா நீங்களே வந்து கட்டுங்கன்னாரு. நேத்து ராத்திரி வந்து கட்டுனோம். இன்னா தப்பு?"

"இங்க கட்டுனா கீழ உன் மூஞ்சில அடிக்கும்."

பூங்கொடி குப்பத்துப் பக்கம் திரும்பினாள். "என் புள்ள மூஞ்சில அடிக்காதுல்ல."

அவளைக் காப்பாற்றத்தான் இத்தனை நாளாக எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தாள் ஜாய்ஸ். வடிகட்டியைப் பற்றிச் சொன்னாள். கிருமி அதிலேயே தங்கிவிடும், மாடிக்கு வருவது சுத்தமான காற்று, வடிகட்டியில் ஓட்டை இல்லை என்று வரதன் சோதித்த தாளும் இருக்கிறது என்றாள்.

"இதை எங்க ஊர்ல வந்து எவன்னா சொன்னானா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா. அவரும் படிச்சவருதான், மூடுனா நல்லதுன்றாரு. நீயும் படிச்சவதான், தொறந்தா நல்லதுன்ற. நான் யாரை நம்புறது?"

ஜாய்ஸ் கையோடு கொண்டுவந்திருந்த சான்றிதழைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து, பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் 'சரியில்லை. பயன்படுத்தக் கூடாது' என்று எழுதினாள். காரணத்தையும் எழுதினாள். அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

வெங்கடேசன் மேல்மூச்சு வாங்க மாடிக்கு வந்து சேர்ந்தார். தாளைப் பிடுங்கிப் படித்தார்.

"நீ இன்னும் நிரந்தரம் ஆவல, ஞாபகம் இருக்குல்ல? வேற பிரிண்ட் எடுத்து டைரக்டரைப் போட வெச்சுக்கறேன். உன் கையெழுத்து இல்லாமலும் திங்கக்கிழமை வேலை நடக்கும்."

"சத்தம் வர ஒயரை ஏன் கழட்டுனீங்கன்னு அவருக்கும் தெரியும், அதையும் அதுல எழுதிட்டுப் போட வைங்க சார்."

"இந்த ஜனங்க ரோட்ல உக்காந்தா நீ பதில் சொல்லுவியா? ஒரு வாரம் மூடியிருக்கட்டும், விழா முடிஞ்சதும் ஆளை வெச்சு அவுத்துடலாம்னுதான் நெனச்சேன். யாருக்கும் தெரியப் போறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் பூங்கொடி பக்கத்தில் நிற்பது அவருக்கு உறைத்தது.

"ஆளை வெச்சு அவுத்துடுவியா," என்றாள் பூங்கொடி. சத்தம் போடவில்லை. "அப்ப எங்கள ஏமாத்தத்தான் கட்டச் சொன்ன."

"அப்படி இல்லம்மா..."

"யாரு கையெழுத்துப் போட்டாலும் அந்தப் பொட்டி முன்னாடி உக்கார்றது நான் சார். நான் உக்கார மாட்டேன். புதுசா ஆள் புடிப்ப. எங்க ஊரத் தாண்டித்தான் அவன் வரணும்." அவர் கையிலிருந்த தாளை மெதுவாக உருவி, ஜாய்ஸிடம் நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை கோயிலாண்ட எல்லாரும் இருப்பாங்க. நீ வா. அந்த வடிகட்டியக் கயட்டி எடுத்தாந்து காட்டு."

"அதைக் கழட்ட முடியாதுக்கா. பேப்பரு இருக்கு, படம் இருக்கு."

"பேப்பரெல்லாம் நெறய பாத்தாச்சு. ஊர்ல நாலு பேரை இங்க கூட்டியாந்து, தார்ப்பாய அவுத்துட்டு, கொயாய் கிட்ட நிக்க வெப்பேன். அவங்க கூட நீயும் நிக்கணும். கிருமி வந்தப்பறமும், நாள் தவறாம."

"நிக்கறேன்."

"உன்ன நம்பிச் சொல்லல," என்றாள் பூங்கொடி. "நீ எங்க கூட நின்னா, உனக்கும் பயம் இருக்கும்ல, ஒயுங்கா சோதிப்ப. அதுக்குத்தான்."