பல் செட்டும் வெந்நீரும்

"பெரியம்மா, பல்லையெல்லாம் ஊர்லயே வச்சிட்டா வந்திய?" என்று ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை கேட்டது. குழந்தை கேட்டதில் குற்றமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பேராச்சி யாரிடமும் வாய் திறந்து பேசுவதில்லை. நாலு பேர் முன்னால் சாப்பிடுவதுமில்லை. மகன் உல்லாஸ்நகரில் தனிக்குடித்தனம். தாராவியில் அவளுக்கென்று இருந்தது ஒரு பாயும், அன்னத்தாயின் மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கிற வேலையும்தான்.

தோல் ஷாப்பு ஆட்கள் மத்தியானம் சாப்பிட்டுப் போனதும் பெண்கள் இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ரேஷன் அரிசிச் சோறு விறைத்துக் கிடக்கும். அன்னத்தாய் அதில் ரசம் விட்டுக் குழையப் பிசைந்து, "அடிச்சோறு மைனி, எனக்கு எறங்காது. நீங்கதான் தின்னு தீக்கணும்" என்று அலுத்துக்கொண்டே தள்ளுவாள். அது அடிச்சோறு இல்லை என்பது பேராச்சிக்குத் தெரியும். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை அன்னத்தாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவாள். நாள் முழுவதிலும் பேராச்சியோடு ஒருவர் பேசுவது அப்போது மட்டும்தான்.

அந்த வருஷம் அன்னத்தாய்க்கு ஈறெல்லாம் சீழ் பிடித்து, பற்களை எடுக்க வேண்டியதாயிற்று. புண் ஆறியதும் மாதுங்கா டாக்டர் அளவெடுத்துப் பல் செட்டு செய்து கொடுத்தார். யார் யார் கையோ பட்டதை அப்படியே வாயில் வைப்பதா? எச்சில் தம்ளர்களைக் கொதிநீரில் முக்கி எடுக்கிற அன்னத்தாய், செட்டையும் அதே அண்டாவில் போட்டாள். எடுத்தபோது அது வெயிலில் காய்ந்த அப்பளம் மாதிரி வளைந்திருந்தது.

டாக்டரிடம் போய்ச் சொல்ல வெட்கம். பொக்கை வாயோடு ஆட்கள் முன் நிற்கவும் மனமில்லை. வளைந்ததையே அழுத்தி மாட்டிக்கொண்டு பரிமாறினாள். "சித்தி, சிரிங்க பாப்போம். சினிமாக்காரி மாதிரில்லா இருக்கிய" என்று சுயம்பு என்ற தோல் ஷாப்புக்காரன் கேலி செய்தான். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றினாள்.

செட்டைக் கழற்றினால்தான் ஒரு வாய் விழுங்க முடியும். பேராச்சி முன்னால்கூடக் கழற்ற அவளுக்குக் கை வரவில்லை. வயிறு மந்தம் என்று சொல்லித் தட்டை ஒதுக்கினாள். மறுநாளும் அப்படியே. கண்கள் குழிந்துபோயின.

பேராச்சிக்கு விளங்கிவிட்டது. எடுத்துச் சொன்னால் அன்னத்தாய் குன்றிப்போவாள். சொல்லாமல் எதிரே உட்கார்ந்திருந்தால் பட்டினி கிடப்பாள். அன்று தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உள்ள புழுக்கமா இருக்கு அன்னத்தாயி. இனிமே நான் குழாயடில உக்காந்து தின்னுக்கிடுதேன்."

"ஏன் மைனி, என் பேச்சு கசந்துட்டா?"

 பேராச்சி வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

தண்ணீர் நின்றுபோன குழாயடியில் ஆளில்லை. பிள்ளையாரப்பா, அவ வயித்துக்குள்ள ரெண்டு வாய் போகட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். சற்றுப் பொறுத்து, உள்ளே தட்டு இழுபடும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே சாப்பிட்டு முடியும் முன் தன் சோறு தீர்ந்துவிடக் கூடாதே என்று, சின்னச் சின்ன உருண்டையாக உருட்டி, மெல்லச் சாப்பிட்டாள்.