பதினோரு மாதச் சீட்டு

"ஒரு எடம்னா ஒட்டிடலாம் சார். செவுத்துக்குள்ள பைப்பு மொத்தமும் துரு புடிச்சிக் கீது," என்றார் பிளம்பர் ஷரஃபுதீன், குளியலறைத் தரையில் குந்தியபடி. "டைல்ஸ் எல்லாம் பேக்கணும். லட்சத்து இருவது ஆவும். பாதி இன்னிக்கே குடுத்தாதான் சாமான் எடுக்க முடியும்."

மேற்கு மாம்பலத்தில் கருணாகரனும் சீதாவும் போன வருடம் வாங்கிய பழைய ஃபிளாட் அது. அவர்கள் குடியிருப்பது இன்னும் வாடகை வீட்டில்தான். தி.நகரில் லைனிங் துணிக் கடை வைத்திருந்த கருணாகரன், இந்த ஃபிளாட்டின் வாடகையே வங்கித் தவணையை அடைத்துவிடும் என்று நம்பி வாங்கியிருந்தான். இப்போது கீழ்வீட்டுப் பூஜையறையில் தண்ணீர் சொட்டியதால் வால்வை அடைத்தாகிவிட்டது.

அங்கே கைக்குழந்தையோடு வாடகைக்கு இருந்த டயானா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "இன்னைக்கு வேலை ஆரம்பிச்சா இருக்கேன் அங்கிள். இல்லேன்னா ஞாயித்துக்கிழமை காலி பண்ணிடுறேன்."

அவள் போனால் வாடகை நிற்கும். வாடகை நின்றால் தவணையும்தான்.

"எதுக்குப் பயம்? வீடு வாங்குன அன்னைக்கே சொன்னேன்லா," என்று கருணாகரன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "திடீர்ச் செலவுக்குன்னு மாசம் பத்தாயிரம் சீதாகிட்ட குடுத்திருக்கேன். தொண்ணூறாயிரம் இருக்கு. போய் எடுத்துட்டு வா சீதா."

அந்தப் பணத்தைச் சீதா நகைக்கடைச் சீட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். பதினோரு மாதம் கட்டினால் சேதாரமில்லாமல் நகை. பிளஸ் டூ படிக்கும் மகள் கீர்த்திக்கு இன்னும் எதுவும் சேர்க்கவில்லை. வீட்டுக்குச் செலவு ஒன்றும் வராவிட்டால் அவளுக்கு வளையலாகட்டும் என்று நினைத்தாள். அவசரமென்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்திருந்தாள்.

"காசாத் தர மாட்டோம்க்கா, நகையாத்தான் எடுக்கணும்," என்றாள் தி.நகர் நகைக்கடைப் பெண் சிந்து. "ஒம்பது மாசம்தானே ஆச்சு? சேதாரமும் உண்டு."

"தங்கக் காசாவாது குடும்மா. உடனே வித்துருவேன்."

"அதுவும் ஸ்கீம்ல இல்லக்கா. கார்டு பின்னாடியே போட்டிருக்கே. ரெண்டு மாசம் பொறுங்களேன்."

"தண்ணி பொறுக்காதும்மா."

கடைசியில் ஒற்றை வளையல் ஒன்று கிடைத்தது. கணவனிடம் சொல்லாமல் அதை அடகு வைக்க மனம் வரவில்லை. ரங்கநாதன் தெரு நெரிசலில் கைப்பையை நம்ப முடியாமல், வளையலைக் கையிலேயே அழுத்தி மாட்டிக்கொண்டு ஃபிளாட்டுக்குத் திரும்பினாள்.

"எடுத்துட்டியா?" என்றான் கருணாகரன்.

அவள் கையை நீட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

கருணாகரன் வளையலைப் பார்த்தான். ஷரஃபுதீன் சோதிப்பதற்காகப் பெயர்த்திருந்த சுவரைப் பார்த்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க அத்தான்."

"சொல்லியிருப்பேன்."

"வளையல வளைச்சி பைப்பா மாட்டவா நைனா?" என்று சிரிக்காமல் கேட்டார் ஷரஃபுதீன். "அடகுக் கடை ஏழு மணிக்கு மூடிருவான். இப்ப ஆறரை."

கருணாகரன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். வளையல் பெருவிரல் முட்டியில் நின்றது. மறுபடி இழுத்தான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"வலிக்கா?"

"இழுங்க."

"சோப்புப் போட்டா வந்துரும்," என்று அவன் டயானாவின் சோப்பை எடுத்து, அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு குழாயைத் திருகினான். உஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. வாளியைப் பார்த்தான். அதிலும் தண்ணீரில்லை.

"நல்லாத்தான் இருக்கு ஒனக்கு," என்றான் தணிந்த குரலில்.

காய்ந்த சோப்பு ஒரு கையிலும் அவள் மணிக்கட்டு மறு கையிலுமாக அவன் அப்படியே நின்றான். உள்ளறையில் டயானா அட்டைப்பெட்டியில் ஒட்ட டேப்பை இழுத்துக் கிழிக்கும் சத்தம் கேட்டது.