மச்சான் உட்கார்ந்த சட்டம்

தன் கார் கொட்டகையில் ஒரு தையற்காரர் பொழுதுபோக்காகக் கட்டிக்கொண்டிருந்த இரட்டைப் படகின் இரு பாதிகளையும் இணைக்கக் குறுக்குச் சட்டம் தேவைப்பட்டது. அலுமினியக் குழாய்தான் சரி என்று அவர் மச்சான் தலைபாடாய் அடித்துக்கொண்டான். அவரோ மெல்லிய பலகைகளைப் பசைபோட்டு ஒட்டி மரத்திலேயே செய்தார்.

சோதித்துப் பார்க்க அதன் முனைகளை இரண்டு ஸ்டூல்களில் வைத்தார். மனைவி நடுவில் உட்கார்ந்து எழுந்தாள். சட்டம் அசையவில்லை.

"நான் உக்காந்தா தெரிஞ்சிடும் அத்தான்," என்று நூறு கிலோ மச்சான் உட்கார்ந்தான்.

படாரென்று ஒரு சத்தம். தையற்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

திறந்தபோது மச்சான் தரையில் கிடந்தான். ஒரு ஸ்டூலின் கால் முறிந்திருந்தது. சட்டத்தைத்தான் ஓடிப்போய்த் தடவினார், கீறல்கூட இல்லை. போன உயிர் திரும்பி வந்தது.

"அத்தான், அடிபட்டது எனக்கு!"

"ஸ்டூல வேணா அலுமினியத்துல வாங்கிடலாம் மச்சான்."