ஆறாம் எண் பயணி

எனக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. சம்பளத்துக்குப் பொய் எழுதுவேன், அது வேறு கதை. மலையடிவார ஊரொன்றில் இருக்கும் எங்கள் பயண நிறுவனத்தில் மலையேற்றத் திட்டங்கள் என் பொறுப்பு. இமயமலையில் பன்னிரண்டாயிரம் அடிச் சிகரம் ஒன்று, நாலே நாள், இதுவரை ஒரு குன்றுகூட ஏறாதவரும் வரலாம் என்று விளம்பரத்தில் போடுவோம். உண்மையும் அதுதான். மூச்சு வாங்கும், கால் கெஞ்சும், மற்றபடி ஒன்றுமில்லை.

சிக்கல் காகிதத்தில்தான். ஆறு பேருக்குக் குறைந்த குழுவுக்கு வன அலுவலகம் அனுமதி தராது. ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள் என்றால், ஆறாவதாக இல்லாத ஓர் ஆளை எழுதிவிடுவோம். கிளம்பும் நாளன்று 'ஆறாம் எண்ணுக்குக் காய்ச்சல், வரவில்லை' என்று ஒரு கடிதம் அனுப்பினால் தீர்ந்தது. பல வருஷமாக இப்படித்தான் வண்டி ஓடுகிறது.

இந்தத் தடவை ஐவரில் நாலு பேர் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஆண்கள். ஐந்தாவது என் தங்கை. கல்யாணம் முறிந்து என்னிடம் வந்தவள், ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் என் பையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்துப் படித்துவிட்டு, "நான் போறேன்க்கா" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

அந்த உற்சாகத்தில் ஆறாவது ஆளை ரொம்ப அக்கறையாக எழுதினேன். ஆண், வயது முப்பத்து நாலு, ஷூ ஒன்பதாம் அளவு. 'இதற்கு முன் மலை ஏறியதுண்டா?' என்ற கேள்விக்குக் குறும்பாக, 'ஏறியதுண்டு, இறங்கியதில்லை' என்று போட்டேன். அதைப் படித்து முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார்.

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே எல்லோரும் தினமும் ஓடிப் பழக வேண்டும். ஓடிய நேரத்தை அலுவலகத்தின் பொது அட்டவணையில் அவரவரே பதிவார்கள். இரண்டாவது வாரம் ஆறாம் வரிசையில் ஒரு பதிவு இருந்தது: ஐந்து கிலோமீட்டர், முப்பத்தொரு நிமிடம். மறுநாள் முப்பது. மழை கொட்டிய அன்று ஐந்து பேரும் வீட்டில் படுத்துவிட்டார்கள். ஆறாம் வரிசையில் மட்டும் இருபத்தெட்டு.

"உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று முதலாளி மேல் பாய்ந்தேன்.

"மாடிப்படி ஏறினாலே எனக்கு நாக்குத் தள்ளுது. நான் எதுக்கும்மா ஓடினேன்னு எழுதப்போறேன்?" என்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஷூ வாடகைக் கடைக்காரர் கூப்பிட்டார். "அக்கா, உங்க ஒன்பதாம் நம்பர் வந்து ஷூ வாங்கிட்டுப் போயிட்டாரு. மத்த அஞ்சு பேரை எப்ப அனுப்புறீங்க?"

"ஆள் எப்படி இருந்தாரு?"

"நான் காலைத்தானேக்கா பாத்தேன்? சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ஜில்லு. ரெண்டு சாக்ஸ் போட்டுக்கச் சொன்னேன்."

அன்று மாலை தங்கை புதுப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது வேண்டாம்டி. அடுத்த மாசம் நானே கூட்டிட்டுப் போறேன்."

"ஏன்?"

என்னவென்று சொல்வேன்? பொய் எழுதியதை ஒப்புக்கொண்டால் அனுமதி போகும், என் வேலையும் போகும். பேய் என்றால் சிரிப்பாள்.

"நீயும் அவரு மாதிரிதான்க்கா. நான் சந்தோஷமா இருந்தா உங்க யாருக்கும் பொறுக்காது" என்றாள். நானே அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

கிளம்பும் நாள் காலை பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் மூன்று தடவை எண்ணினேன். ஐந்து பேர். அக்கம்பக்கத்தில் நின்றவர்களின் கால்களையெல்லாம் வெட்கமில்லாமல் பார்த்தேன். ஆறாவதாக யாரும் வரவில்லை. பேருந்து நகர்ந்ததும், "சீ, பைத்தியக்காரி" என்று என்னையே திட்டிக்கொண்டு சிரித்தேன்.

அலுவலகம் வந்து காய்ச்சல் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. 'வரவில்லை' என்று எழுதினால் கோபித்துக்கொள்வானோ என்று ஓர் அசட்டுப் பயம். நாளைக்கு அனுப்பலாம் என்று வைத்தேன். மறுநாளும் அப்படியே. அந்தக் கடிதம் போகவேயில்லை.

மூன்றாம் நாள் சிகரத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் நாள். மதியம் மூன்று மணிக்கு அடிவார முகாமிலிருந்து அதன் காவலாளி பேசினார்.

"மேடம், லிஸ்ட்ல ஆறு பேர் இருக்கு. பனிமூட்டத்துல ஒவ்வொருத்தரா இறங்கினாங்க, அஞ்சு பேர்தான் வந்திருக்காங்க. வழிகாட்டி கடைசியா வந்துட்டிருந்தாரு. வாக்கிடாக்கியில அஞ்சுதான்னு சொன்னதும் ஒருத்தரைத் தேடறேன்னு திரும்பி மேல ஏறிட்டாரு. இங்க புயல் வர்ற மாதிரி இருக்கு."

எனக்கு உயிர் வந்தது. கூடவே குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. என் பொய்க்காக ஒரு மனுஷன் புயலில் சாகவா?

"அஞ்சுதாங்க சரி! ஆறாவது ஆளே கிடையாது. அனுமதிக்காக நான் எழுதின பொய் அது. தப்பு என்மேலதான். அவரை உடனே இறங்கச் சொல்லுங்க."

"நல்லா இருக்கு உங்க விளையாட்டு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வாக்கிடாக்கியை எடுத்தது கேட்டது. "எல்லாரும் வந்தாச்சு, நீ இறங்கு." கரகரவென்று ஒரு குரல் சரி என்றது.

நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. "என் தங்கச்சிகிட்ட போனைக் கொடுங்களேன்" என்றேன்.

"தங்கச்சியா?"

"ஆமாங்க. குழுவுல ஒரே பொண்ணு."

அவர் எழுந்து நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் தணிந்து வந்தது.

"மேடம், வரும்போது எல்லாரும் முகத்தை மூடியிருந்தாங்க. நான் தலையைத்தான் எண்ணினேன். இப்ப குல்லாவைக் கழட்டிட்டு நெருப்புகிட்ட உக்காந்திருக்காங்க. அஞ்சு பேருமே ஆம்பளைங்க."

"மேல போகச் சொல்லுங்க! அவரைத் திரும்பப் போகச் சொல்லுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் முதலாளி ஓடிவந்தார்.

காவலாளி வாக்கிடாக்கியில் வழிகாட்டியைக் கூப்பிட்டார், மறுபடியும் கூப்பிட்டார். பதில் வரவில்லை.

"பனி இறங்கிடுச்சு மேடம். இனி விடிஞ்சாத்தான் யாரும் ஏற முடியும்" என்றார். "நீங்கதானே அஞ்சு சரின்னு சொன்னீங்க?"